வசீரியின் துக்கம்

"பூனை சாப்பிடலைடீ! வாயில்லாத ஜீவன், அதுவே சோறு வேண்டாங்குது. நீ என்னடான்னா—"

"நான் என்னடான்னா? நிறுத்தாதீங்க மதினி, முழுசாச் சொல்லுங்க."

"—தேங்காச் சோத்தைத் தட்டுல மலையாக் குவிச்சு, மேல குழம்பை ஊத்தி—"

"பசிச்சுது. தின்னேன்."

"புருஷன் கபுர்ல இன்னும் ஈரம் காயல!"

"அது காயற வரைக்கும் என் வயிறு காயணுமா? எந்தக் கிதாப்புல எழுதியிருக்கு? கொண்டாங்க, பார்ப்போம்."

"வாய்! இந்த வாய் இருக்கே, இதுக்குப் பயந்துதான் என் தம்பி பாதி ஆயுசைக் கடல்லயே கழிச்சான்."

"கப்பல் ஓட்டறவர் கடல்ல இருக்காம கரும்புத் தோட்டத்துலயா இருப்பார்?"

சந்தில் போய்க்கொண்டிருந்த கழுதை ஒன்று கதவுக்கு வெளியே நின்றுவிட்டது. கழுதை நின்றால், அதை மணல் மூட்டையோடு ஓட்டிக்கொண்டு போகிறவனும் நிற்கிறான். அவன் நின்றால், இரண்டு பேரில் யாருடைய காது நீளம் என்று சொல்ல முடியாது. லாமுத் தீவின் சந்துகளில் ஒரு வீட்டில் தும்மினால் எதிர்வீட்டில் துஆ ஓதுவார்கள். இரண்டு பெண்களும் குரலைக் குறைத்தார்கள். கோபத்தைக் குறைக்கவில்லை.

"அதுக்கு நோவுன்னு நான் சொல்றேன்," மயாசா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "கடற்கரை ரோட்டுல பூனை ஆஸ்பத்திரி இருக்கு. ஒரு கூடையில வச்சு எடுத்துட்டுப் போங்கன்னு முந்தாநாள்ல இருந்து தொண்டை வத்தக் கத்தறேன். நான் இத்தாவுல இருக்கேன், படி தாண்ட முடியாது. நீங்க தாண்டலாம்ல?"

"நோவு இல்ல. துக்கம்."

"டாக்டர் நீங்களா?"

"எஜமான் போயிட்டான், அதுக்குத் தெரிஞ்சிருக்கு. அதைக் கொண்டு போய் ஊசி போட்டுக் கொல்லச் சொல்றியா? ஊரே வந்து பார்த்துட்டுப் போகுது. மீன் மார்க்கெட்ல வேற பேச்சே இல்ல. 'நஹோதா அத்மானோட பூனை சோறு தண்ணி இல்லாமக் கிடக்குதாம்'னு. ஒரு மனுசனுக்கு இதைவிட என்ன மரியாதை வேணும்?"

"காலையில நீங்க நாலு ரொட்டி தின்னீங்களே, அந்த மரியாதை எங்க போச்சு?"

"எனக்குச் சர்க்கரை. மாத்திரை போடணும். மாத்திரைக்காகத் தின்னேன்."

"மாத்திரை நாலு ரொட்டி கேட்குதா?"

ரெஹெமா முக்காட்டை உதறிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டாள். போகிற வழியில் முற்றத்து மூலையில் குனிந்து, அங்கே ஈரத் துணி போலக் கிடந்த பூனையின் தலையைத் தடவி, "என் கண்ணே, உனக்கு மட்டும்தான்டா தெரியுது," என்று சொல்லிவிட்டுப் போனாள். மயாசாவின் காதில் விழும்படிதான் சொன்னாள்.

அந்தப் பூனையின் பெயர் வசீரி. மந்திரி என்று அர்த்தம். பெயர் வைத்தவன் மயாசாவின் புருஷன், கப்பல் தலைவனான நஹோதா அத்மான். ஏன் அந்தப் பெயர் என்று வெளியாட்கள் கேட்டால் சிரித்துக்கொண்டு, "மீசையைப் பாருங்க, அரண்மனை மீசை," என்பான். உண்மைக் காரணம் வீட்டுக்குள் இருந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து, வயிறு திறக்கவில்லையே என்று ஊர் பேச ஆரம்பித்தபோது, மொம்பாசாவுக்குப் போய் இரண்டு பேருமே டாக்டரைப் பார்ப்போம் என்று மயாசா கேட்டாள். இவள் மட்டும் போகட்டும் என்றான் அத்மான். "கோளாறு உங்க பக்கம் இருந்தா?" என்று கேட்டாள். படகில் பாய் இறக்கிக்கொண்டிருந்த ஆட்கள் நாலு பேர் முன்னால், படித்துறையில் நின்று கேட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் அவளிடம் பேசவில்லை. சாப்பிட உட்கார்ந்தவன், பக்கத்தில் வந்து உட்கார்ந்த பூனையைப் பார்த்து, "குழம்புல உப்பு இல்லைன்னு அவகிட்ட சொல்லு," என்றான். அவளும் விடவில்லை. "உப்பு டப்பா கைக்கு எட்டற தூரத்துலதான் இருக்குன்னு அவர்கிட்ட சொல்லு," என்றாள்.

நாலு நாளில் தீரும் என்று இருந்தாள். தீரவே இல்லை. அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை, தலாக் என்ற வார்த்தையை எடுத்ததில்லை. பேசத்தான் இல்லை. அந்தப் பூனை செத்தது, அடுத்த பூனை வந்தது, அதுவும் செத்தது. ஆள் மாறியதே தவிரப் பதவி மாறவில்லை. இது மூன்றாவது வசீரி.

வெளியூர் போனால் பூனையிடம் சொல்லிவிட்டுப் போவான். திரும்பி வந்தால் பூனையிடம் விசாரிப்பான். சாப்பிடும்போது மீனைப் பிய்த்து, விரலால் தடவித் தடவி ஒரு முள் விடாமல் எடுத்துவிட்டு, பூனையின் வாய்க்கருகே நீட்டுவான். அந்தப் பொறுமையைப் பார்த்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்து தன் மீனில் தானே முள் எடுத்துச் சாப்பிட்டாள் மயாசா.

போன வாரம் படகுப் பாய்க்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவன் அந்தப் பாய்மேலேயே சாய்ந்தான். தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஊர் அழுதது. மயாசாவுக்குக் கண்ணீர் வரவில்லை. வராததை வரவழைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. வாசனை வைக்காமல், மை தீட்டாமல், படி தாண்டாமல், விதவைக்கு விதித்த இத்தாவில் உட்கார்ந்தாள். அதற்குக் காவல் இருக்கிறேன் என்று படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள் அத்மானின் அக்கா ரெஹெமா. உடம்புக்குக் காவலா அழுகைக்குக் காவலா என்று மயாசாவுக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது.

மதியத் தொழுகை முடிந்ததும் எதிர்வீட்டு கோம்போ வந்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். பூனை எப்படி இருக்கு?"

"நான் நல்லா இருக்கேன் கோம்போக்கா," என்றாள் மயாசா.

கோம்போ நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அட, உன்னையும்தான் கேட்டேன். மருமக வீட்டுல கேட்டுவிட்டாங்க. அவங்க பக்கம் ஒரு ஆடு இப்படித்தான் எஜமான் போனதும் புல்லைத் தொடலையாம்."

"அப்புறம்?"

"அப்புறம் அறுத்துட்டாங்க. நல்ல ஆடு."

ரெஹெமா காப்பியோடு வந்து உட்கார்ந்தாள். "பாரு கோம்போ, கண்ணைப் பாரு. நீர் வடியுது. நான் பெத்த பிள்ளைகூட இப்படி அழாது."

"ஆமா, அழுவுது. வாயோரமும் ஏதோ வடியுதே?"

"துக்கத்துல எல்லாம்தான் வடியும்."

"சில பேருக்கு ஒண்ணுமே வடியறதில்ல," என்று கோம்போ காப்பியை ஊதிக்கொண்டே பொதுவாகச் சொன்னாள்.

மயாசா அதை விழுங்கிக்கொண்டாள். வேறு காரியம் இருந்தது. "கோம்போக்கா, ஒரு உபகாரம். இவனைக் கூடையில வச்சுத் தரேன், கடற்கரை ரோட்டு ஆஸ்பத்திரியில காட்டிட்டு வந்துடுறீங்களா? நாலு எட்டு எடுத்து வச்சா வந்துடும்."

கோம்போ ரெஹெமாவைப் பார்த்தாள். ரெஹெமா காப்பிக் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"கொண்டு போகலாம்தான். எனக்கு முழங்கால்..."

"போன வெள்ளிக்கிழமை அந்த முழங்காலோட ஷேலா வரைக்கும் நடந்தீங்க."

"அதனாலதான் இப்ப வலிக்குது." கோம்போ எழுந்தாள். பேச்சை மாற்றுவதற்காக, கதவருகே நின்று ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போக நினைத்தாள் போலும். "பாவம், மூணாம் நாள் ஃபாத்திஹா அன்னிக்கு எவ்வளவு ஆசையா அந்த மீன் தலையைத் தின்னான்! நீங்கதானே ரெஹெமா எடுத்து வச்சீங்க? 'தம்பி பேருல முதல் பங்கு உனக்கு'ன்னு சொல்லி. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

"ஆமா," என்றாள் ரெஹெமா. "அதுதான் அவன் கடைசியாத் தின்னது."

கோம்போ போய்விட்டாள். மயாசா விரல்விட்டு நாள் எண்ணினாள்.

"மதினி."

"என்ன?"

"அவர் மவுத்தான அன்னிக்கு ராத்திரி இவன் சாப்பிட்டானே?"

"எனக்கு ஞாபகமில்ல."

"எனக்கு இருக்கு. ஊரே அழுதுட்டிருந்தப்ப அடுப்படியில பால் சட்டியை உருட்டினான். மறுநாளும் தின்னான். மூணாம் நாள் மீன் தலை தின்னான். அதுக்கப்புறம்தானே நிறுத்தினான்?"

"அதுக்கு அப்பத்தான் விளங்கியிருக்கும்."

"பூனைக்கு மூணு நாள் கழிச்சுத்தான் மவுத்து விளங்குமா? தந்தி லேட்டா வந்துச்சா?"

"உன்கூடப் பேசினா எனக்கு ரத்தக் கொதிப்பு வருது," என்று ரெஹெமா போய்ப் படுத்துக்கொண்டாள்.

மயாசா அடுப்படிக்குப் போனாள். விளைமீன் வேகவைத்த சாற்றைக் கிண்ணத்தில் ஊற்றி ஆற வைத்து, முற்றத்து மூலைக்குக் கொண்டு வந்து வைத்தாள். எலும்பும் தோலுமாய்க் கிடந்தவன் மூக்கைத் தூக்கினான். எழுந்தான். முன்னங்கால் தள்ளாட நடந்து வந்து, கிண்ணத்தின்மேல் குனிந்து, நாக்கை நீட்டினான். நாக்கு சாற்றைத் தொட்டதுதான் தாமதம், உறுமிக்கொண்டு பின்னால் துள்ளினான். தலையை உதறினான். காலால் கன்னத்தைப் பிராண்டினான். பிறகு கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"தின்னுடா."

அவன் பார்த்தான்.

"தின்னுடா எருமை! நீ தின்னாததுக்கு நான் ஏச்சு வாங்கறேன். சந்துல போற கழுதைகூட என்னைத் திட்டிட்டுப் போகுது. அவர்தான் போயிட்டாரே, இன்னும் யாருக்கு வேலை பார்க்கற? போ, போய்ச் சொல்லு உன் எஜமான்கிட்ட. மயாசா சொன்னாள்னு சொல்லு. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நேரா என் முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டுச் செத்திருக்கலாம்னு சொல்லு. பாயைத் தைக்க ஊசி எங்கன்னாவது கேட்டிருக்கலாம்னு சொல்லு. அன்னிக்குக் காலையிலகூட உன்னைப் பார்த்துத்தான்டா சொன்னாரு, 'வரேன்'னு. உன்னைப் பார்த்து! நான் எதுக்கு அழணும்? நீ அழு. உன்கிட்டத்தானே சொல்லிட்டுப் போனாரு?"

வசீரி மறுபடி கிண்ணத்தை நோக்கி வந்தான். மறுபடி குனிந்தான். மறுபடி உறுமிக்கொண்டு பின்வாங்கினான்.

மயாசா அவனையே கவனித்தாள். அவளுக்குத் துக்க வீடுகள் தெரியும். துக்கத்தில் கிடக்கிறவர்கள் தட்டுப் பக்கமே திரும்புவதில்லை. இழுத்து உட்கார வைத்து ஊட்ட வேண்டியிருக்கும். இவன் தானாக வருகிறான். பசியோடு வருகிறான். வந்து, சுட்டதுபோல ஓடுகிறான். அவள் மண்டியிட்டு முகத்தை அவன் முகத்தருகே கொண்டு போனாள். வாயிலிருந்து அழுகல் வாடை அடித்தது.

அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. உள்ளறைக்குப் போனாள். அத்மானின் துணிமணிகளை ஏழைகளுக்குக் கொடுப்பதற்காக ரெஹெமா மடித்து அடுக்கி வைத்திருந்தாள். மேலாக இருந்த கைலியை உருவினாள். பெட்டிக்குள் கைவிட்டு, காலில் கடல்முள் குத்தினால் எடுக்க அவன் வைத்திருந்த முள்வாங்கியை எடுத்தாள்.

"என்னடீ பண்ற? அது என் தம்பியோட பெருநாள் கைலி!"

"தெரியும். நான்தான் துவைச்சேன். எழுந்திருங்க, வந்து பூனையைப் பிடிங்க."

"எதுக்கு?"

"வாயில என்னமோ சிக்கியிருக்கு. எடுக்கணும். ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் எடுக்கணும்."

"உனக்குப் பைத்தியம். அதைத் தொடாதே. அது பாட்டுக்கு, எஜமானை நினைச்சுக்கிட்டு, மானமா—"

"மானமா சாகணுமா? உங்களுக்கு ஊர்ல சொல்லிக்கறதுக்கு ஒரு கதை வேணும், அதுக்கு இவன் சாகணும், அப்படித்தானே?"

"அப்படித்தான்னு வச்சுக்கோ! நீ அழுதிருந்தா எனக்கு எதுக்குடீ பூனை?"

இதை ரெஹெமா கத்திச் சொன்னாள். முற்றத்துச் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

மயாசா தலைத்துணியை உருவினாள். தரையில் போட்டாள். கைலியால் பூனையைச் சுற்றி அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் கதவுக்குப் போய் ஒரு கையால் தாழ்ப்பாளைத் தூக்கினாள்.

"எங்கடீ போற?"

"ஆஸ்பத்திரிக்கு."

"இத்தாவுல இருக்கடீ நீ!"

"ஆமா. இத்தாவுல, தலையில துணியில்லாம, நஹோதா அத்மானோட பெண்டாட்டி அவரோட பெருநாள் கைலியில பூனையைச் சுத்திக்கிட்டுப் பெரிய சந்து வழியாத்தான் போகப் போறேன். பள்ளிவாசல் முன்னால போவேன். மீன் மார்க்கெட் முன்னால போவேன். அவங்களுக்கும் பேச வேற விஷயம் வேணும்ல?"

"கதவைத் திறக்காதே!"

"அப்ப வந்து பிடிங்க."

"யா அல்லாஹ், இது என்ன பொம்பளை!"

"உங்க தம்பி கேட்டு வாங்கின பொம்பளை. பிடிக்கறீங்களா, திறக்கட்டுமா?"

தாழ்ப்பாள் முக்கால்வாசி மேலே வந்திருந்தது. ரெஹெமா வந்து கதவின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. பிறகு, அப்படியே வழுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, கையை நீட்டினாள்.

"குடு."

மயாசா பூனையை அவள் மடியில் வைத்தாள். நாலு காலும் கைலிக்குள் இருக்கும்படி இறுக்கச் சுருட்டி, தலையை மட்டும் வெளியே விட்டாள். "கழுத்துக்குப் பின்னால பிடிங்க. அங்க இல்ல. தம்பியைப் பிடிக்கற மாதிரி மெதுவாப் பிடிக்காதீங்க, திருடனைப் பிடிக்கற மாதிரி பிடிங்க."

"கடிப்பான்."

"கடிக்கட்டும். கடிச்சா நல்லது, வாயைத் திறப்பான்ல."

கடைவாய் இரண்டையும் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் அழுத்தினாள். வசீரி திறந்தான், திறந்த வேகத்தில் அவள் விரலில் பல்லை இறக்கினான். ரத்தம் வந்தது. அவள் கையை எடுக்கவில்லை. வெயில் நேராக முற்றத்தில் விழுந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் குனிந்து பார்த்தாள்.

"பாருங்க."

"நான் பார்க்கல."

"பாருங்க மதினி! இத்தனை நாள் நாலு பேரைக் கூட்டிவந்து காட்டினீங்களே, இப்ப நீங்க பாருங்க."

ரெஹெமா பார்த்தாள். மேலண்ணத்தில், இந்தக் கடைவாய்ப் பல்லுக்கும் அந்தக் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே, கதவுக்குக் குறுக்குக் கட்டை போட்டதுபோல ஒரு மீன் எலும்பு நின்றிருந்தது. சுற்றிலும் சதை கறுத்து வீங்கியிருந்தது.

ரெஹெமாவின் பிடி இறுகியது.

மயாசா முள்வாங்கியை உள்ளே விட்டாள். வழுக்கியது. பூனை அலறியது, மனிதக் குழந்தையின் அலறல். "பிடிங்க, பிடிங்க!" மறுபடி விட்டாள். நுனியைப் பற்றி, முன்னால் இழுக்காமல் பக்கவாட்டில் திருப்பினாள். 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. எலும்பு கையோடு வந்தது. கூடவே சீழும் ரத்தமும் வந்தன. வசீரி கைலியைக் கிழித்துக்கொண்டு துள்ளி, முற்றத்தின் அந்தக் கோடிக்குப் போய் நின்று, இரண்டு பேரையும் கொலைகாரிகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

மயாசா எலும்பை ரெஹெமாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தாங்க. துக்கம்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கூர்மையாகப் போய் விழுந்தது என்று பார்த்தாள். திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. தண்ணீர்ப் பானையில் இருந்து மொண்டு விரலைக் கழுவினாள். எரிந்தது. தலைத்துணியை எடுத்துக் கட்டிக்கொண்டாள். தாழ்ப்பாளைக் கீழே தள்ளினாள்.

"மூணாம் நாள் தலைதான்," என்றாள் ரெஹெமா, கையைப் பார்த்துக்கொண்டே. "நான் முள் எடுக்கல. தம்பி எப்பவும் எடுத்துத்தான் குடுப்பான். எனக்குத் தெரியும். அன்னிக்குக் கூட்டத்துல..."

"இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா இவனையும் அவர் பக்கத்துல புதைச்சிருக்கலாம். மீன் மார்க்கெட்ல ஒரு மாசத்துக்குப் பேச்சு ஓடியிருக்கும்."

"போதும்டீ."

"போதாது. எனக்குப் போதல. இத்தனை நாள் இந்த வீட்டுல நான் சோறு தின்னதை எத்தனை பேர்கிட்ட சொன்னீங்க? போய்ச் சொல்லுங்க இப்ப. பூனையும் தின்னுதுன்னு சொல்லுங்க."

அதற்குள் வசீரி கிண்ணத்தருகே வந்திருந்தான். குனிந்தான். நாக்கை நீட்டினான். துள்ளத் தயாராக முதுகை வளைத்துக்கொண்டு ஒரு முறை நக்கினான். நின்றான். தனக்கே நம்பிக்கை இல்லாதவன்போல இன்னொரு முறை நக்கினான். பிறகு, கிண்ணம் கல்லில் உராய்ந்து நகர்கிற அளவுக்கு, குடித்தான். குடித்து முடித்துவிட்டு மயாசாவைப் பார்த்துக் கத்தினான். பழைய குரலில், அதிகாரமாக.

"வந்துட்டாருய்யா மந்திரி," என்றாள் மயாசா. அடுப்படிக்குப் போய் வெந்த மீனைத் தட்டில் எடுத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். பிய்த்தாள். கடிபட்ட விரலைத் தூக்கிக்கொண்டு மற்ற விரல்களால் சதையைத் தடவினாள். ஒரு முள். தட்டோரம் வைத்தாள். இன்னும் ஒன்று. மறுபடி தடவினாள். பிறகு நீட்டினாள். வசீரி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வலிக்காத பக்கத்தால் மென்று விழுங்கினான்.

கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ரெஹெமா, அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எலும்பு இன்னும் அவள் கையில் இருந்தது. கிழிந்த கைலி காலடியில் கிடந்தது. வெளியே சந்தில் யாரோ கோம்போவைக் கூப்பிட்டுப் பூனை எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

"அப்ப என் தம்பிக்காக," என்றாள் ரெஹெமா, "ஒரு வாய்ச் சோறு வேண்டாம்னு சொன்னவங்க ஒருத்தர்கூட இல்லையா, மயாசா?"